தண்ணிச் சறுக்கும் பதினெட்டுப் பேர் ஜீப்பும்

நாங்கள் தீம் பார்க் போகப் போகிற விஷயத்தை நான் ஜீப்புக்குள் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. பதினெட்டுப் பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு மலையேறுகிற ஜீப்பு அது. வாய் தவறி ஒன்றைச் சொன்னால் மலையடிவாரத்து முந்தல் தாண்டும்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். போடிமெட்டுச் செக்போஸ்ட்டுக்குப் போவதற்குள் ஆளாளுக்குத் தீர்ப்பும் சொல்லி முடித்திருப்பார்கள்.

"கொரோனா மூணாவது வாட்டி வந்திருக்கு. இப்பப் போயி கொச்சிக்குக் குளிக்கப் போறாளாம்," என்றாள் ஒருத்தி.

"வீட்டுல தண்ணி வரலையோ என்னமோ," என்றாள் இன்னொருத்தி. பின்சீட்டு முழுக்கச் சிரித்தது.

நான் கேட்டுக்கொண்டு சும்மா வருகிற ஆள் இல்லை. "போன மாசம் உன் மக கல்யாணத்துக்கு ஐநூறு பேரக் கூட்டி வச்சுச் சோறு போட்டியே, அன்னிக்குக் கொரோனா லீவுல போயிருந்துச்சா?" என்றேன். அதற்குப் பிறகு பூப்பாறை வரைக்கும் என்னோடு யாரும் பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

என் பெயர் மகாராணி. ஊர் சிலமலை. பதினைந்து வருஷமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறேன். விடியும் முன்னே ஜீப்பு ஏறி, கேரளா பக்கத்து மலையில் இறங்கி, செடித் தூரில் குத்தவைத்து, தரையோடு ஓடுகிற சரத்தில் முற்றின காயை மட்டும் பார்த்துப் பறித்து, சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புகிற பிழைப்பு. பேருக்கும் பிழைப்புக்கும் சம்பந்தமில்லை என்று என்னைக் கேலி பேசாதவர்கள் தோட்டத்தில் பாக்கியில்லை. அதையெல்லாம் நான் கண்டுகொள்வதில்லை.

தீம் பார்க் என் ஆசை இல்லை. என் புருஷன் தவசி கொடுத்த வாக்கு.

அவர் இதே ஜீப்பைப் பதினான்கு வருஷம் ஓட்டியவர். போன வைகாசியில், இரண்டாவது அலை வீடு வீடாகப் புகுந்தபோது, அவரும் விழுந்தார். தேனி அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் ஆக்சிஜன். நடுவில் ஒரு நாள் நர்ஸ் அம்மா போனைப் பிடித்துக்கொள்ள, வீடியோவில் எங்கள் மகள் சிவரஞ்சனியோடு பேசினார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே அவர் நெஞ்சு ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது.

"ஆத்தா... நா வந்ததும்... டிவில காட்டுறான்ல... அந்தத் தண்ணிச் சறுக்கு... நாம மூணு பேரும் போறோம்."

அவளுக்கு அப்போது பதினொரு வயது. கண்ணீரைத் துடைக்காமலே சிரித்தாள். நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஆள் திரும்பி வந்தார். மூச்சு முழுசாகத் திரும்பவில்லை. அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஊசி ரெண்டையும் மறக்காமப் போட்டுருங்க. அப்பவும் ஜாக்கிரதையா வச்சுக்கோங்கம்மா. இன்னொரு தடவ வந்தா இந்த நுரையீரல் தாங்காது," என்றார். ஊசி போட்டாயிற்று. ஸ்டியரிங் பிடித்த கை இப்போது தோசைக் கரண்டி பிடிக்கிறது. நன்றாகவே சுடுகிறார், என்னைவிட மெல்லிசாக. ஆனால் தெருமுனைக் குழாய்க்குப் போய் ஒரு குடம் தண்ணீரோடு திரும்ப இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

பார்க்குக்கு டிக்கெட் போட வைத்ததும் அவர்தான். என் அக்கா மகன் ஜெகதீஷைப் பிடித்துப் போனிலேயே போட்டுவிட்டார். நாளைப் பார்த்துச் சொன்னது மட்டும் நான். பொங்கல் கழிந்த வியாழக்கிழமை. எங்கள் தோட்டத்தில் காய் எடுப்பு சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவே கிடைக்கிற இரண்டு மூன்று நாள்தான் எங்களுக்கு லீவு. சுற்று நடக்கும்போது லீவு போட்டால், நமக்கென்று ஒதுக்கியிருக்கிற செடி வரிசையைக் கங்காணி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நிரை என்போம் அந்த வரிசையை. நல்ல நிரை கைவிட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது. பாறைச்சரிவில் எதாவது ஒரு நிரையில் போய் அல்லாட வேண்டும். அதனால் காய்ச்சலோ கருமாதியோ, சுற்று முடிகிறவரை யாரும் நிற்க மாட்டோம்.

ஜனவரி பிறந்ததும் மூன்றாவது அலை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கூடவே பார்க்கிலிருந்து ஒரு மெசேஜும் வந்தது. சிவரஞ்சனிதான் வாசித்தாள். தொற்று காரணமாக வர இயலாதவர்கள், பொங்கல் கழிந்த திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"மாத்தவெல்லாம் வேணாம்," என்றார் தவசி, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

"வேணாம்மா," என்றாள் மகள்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் தள்ளிப்போடலாம் என்றுதான் இருந்தது. டாக்டர் சொன்னது காதிலேயே கிடந்தது. இரண்டு நாள் யோசித்து, பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் கோட்டைச்சாமி வாயைத் திறந்துவிட்டார்.

கோட்டைச்சாமி எங்கள் கங்காணி. ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டிப் போகிறவர். ஜீப்பும் அவருடையதுதான். முன்சீட்டில் டிரைவரோடு சேர்த்து நான்கு பேராக நெருக்கி உட்கார்ந்துகொண்டு, கழுத்தைப் பின்னால் திருப்பினார். மாஸ்க் தாடையில் தொங்கியது.

"இந்தா பாரு மகாராணி, நல்லதுக்குத்தான் சொல்றேன். அங்கன எத்தன ஊருக்காரன் வருவான், எல்லாரும் ஒரே தண்ணியில உருளுவான். நீ போயி நோயக் கொண்டாந்து தோட்டத்துல விட்டுட்டா யாரு பதில் சொல்றது? போறதுன்னாப் போ. வந்து பதினாலு நாளைக்கு ஜீப்புப் பக்கம் வரக் கூடாது. உன் நிரைய வேற ஆளுக்குத் தள்ளி விட்டுருவேன்."

தோட்டத்தில் என்னோடு காய் எடுக்கிற வீரலட்சுமி பாதி என் மடியில் உட்கார்ந்திருந்தாள். என் பாதி இன்னொருத்தி மேல். தார்ப்பாயை நான்கு பக்கமும் இறக்கிக் கட்டியிருந்தார்கள், குளிருக்கு. உள்ளே பதினெட்டுப் பேரின் மூச்சும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் எனக்கு நோயைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

"போறோம்ணே," என்றேன். "கண்டிப்பாப் போறோம். போயிட்டு அங்கருந்து உங்களுக்கு போட்டோ அனுப்புறேன்."

என் கோபம் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். அந்த வாரம் முழுக்க நான் கோட்டைச்சாமியின் தாடையில் தொங்கின மாஸ்க்கைத்தான் நினைத்தேன். வீட்டில் இருக்கிறவரின் நெஞ்சை நினைக்கவில்லை. கூலிக்காரி காய் சுமந்தால் நோய் வராது, ஒரு நாள் சிரித்துவிட்டு வந்தால் மட்டும் வந்துவிடுமா என்று தோட்டம் பூராவும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கேள்வி சரிதான். அதற்காக நான் எடுத்த முடிவுதான் தப்பு.

செவ்வாய்க்கிழமை, பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, நானும் வீரலட்சுமியும் பறித்த காயைச் சாக்கில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனோம். ஸ்டோர் என்றால் காயை உலர்த்துகிற கட்டடம். உள்ளே அடுப்பு எரியும். தட்டுத் தட்டாகப் பரப்பின பச்சைக் காய் அந்தச் சூட்டில் காயும். அந்த வாசம் மண் ரோட்டுத் திருப்பத்திலேயே வந்து ஆளைப் பிடித்துக்கொள்ளும். சேலையில் ஏறினால் மூன்று துவைப்புக்குப் போகாது. அன்றைக்கும் கதவு திறந்திருந்தது. வாசம் மூக்கை அடைத்தது.

வீரலட்சுமி சாக்கை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இன்னிக்கு அடுப்பு மூட்டலையா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்ன வாசம் வருது?"

இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். அவள் கண் என்னைப் பார்த்து நின்றது. எட்டு வருஷமாக ஏலக்காய்க்குள்ளேயே கிடக்கிறவள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"எத்தன நாளா காய்ச்சல்?"

"ரெண்டு நாளா. மாத்திரையப் போட்டுட்டுத்தான் வர்றேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நிரை போயிரும்லக்கா. நீயா இருந்தாச் சொல்லியிருப்பியா?"

நானும் சொல்லியிருக்க மாட்டேன். போன வருஷம் தவசிக்குக் காய்ச்சல் ஆரம்பித்த இரண்டாம் நாளும் அவர் ஜீப்பு ஓட்டினார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். சுற்று முடியட்டும் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் போனோம்.

அந்த ஸ்டோர் வாசலில்தான் எனக்கு உறைத்தது. பார்க்கைத் தள்ளிப்போடலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக நாங்களும் ஊரும் அடித்துக்கொண்டோம். ஒரே ஒரு நாள், ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிற இடம். தினமும் இரண்டு வேளை ஏறுகிற இந்த ஜீப்பைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு நிமிஷம் பேசவில்லை, நான் உட்பட. சாயங்காலமானால் இந்த ஜீப்பிலிருந்து இறங்கி நேராக அந்த மனுஷன் சுட்ட தோசையைத் தின்னப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

கோட்டைச்சாமியைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சளியா இருக்கும். வெளிய சொல்லி ஆளக் கலைச்சு விட்டுறாத. நாளையிலருந்து பொங்கல் லீவு, அது கழிச்சு மூணு நாளுதான் இந்தச் சுத்து. அவள வர வேணாம்னு சொல்லிர்றேன். நிரைக்கு வேற ஆளு வச்சுக்கலாம்."

அன்றைக்கு இறங்கும்போது நான் ஜீப்புக்குள் உட்காரவில்லை. பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பதினேழு கொண்டை ஊசி வளைவும் அப்படியே. குளிரில் விரல் மரத்துவிட்டது. டிரைவர் லிங்கேஸ்வரன், தவசிக்குப் பிறகு வந்த பையன், ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி, "அக்கா, பிடிய விட்டுறாத," என்று கத்திக்கொண்டே வந்தான்.

வீட்டுக்குப் போனதும் உள்ளே நுழையவில்லை. வாசலுக்கு எதிரே எங்கள் ஆட்டுக்கொட்டகை இருக்கிறது. அதன் தூணைப் பிடித்து நின்றுகொண்டு, "ஏங்க, வெளிய வராதீங்க, அங்கனயே நில்லுங்க," என்றேன்.

தவசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் சிவரஞ்சனி. நடுவே முற்றம். நடந்ததையெல்லாம் முற்றத்தைத் தாண்டிக் கேட்கிற குரலில் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். வீரலட்சுமி பேரை மட்டும் எடுக்கவில்லை.

"நாளைக்குப் போடியில டெஸ்ட் எடுக்கப் போறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் கொட்டகையிலதான் இருப்பேன். பார்க்குக்குப் போகல. தேதிய மாத்திருவோம்."

"அம்மா!" என்று கத்தினாள் மகள்.

"உனக்கு நோயில்லேன்னு வந்துருச்சுன்னா?" என்றார் தவசி.

"வந்தாலும்தான். அங்க எவன் மூச்சு எப்படின்னு எனக்குத் தெரியுமா?"

அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்கு மூச்சு தடுமாறும். அது தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை.

"தள்ளிப்போடு, தள்ளிப்போடு. எத்தனையத் தள்ளிப்போடுறது? எனக்கு எத்தன நாளுன்னு... எவனுக்குத் தெரியும்? அந்த வார்டுல... எம் பக்கத்துக் கட்டில்ல... மூணு பேரு மாறுனாக. மூணு பேரு. நா கெடந்தேன். இப்பப் போகலேன்னா... நா எம் பிள்ளைய எப்பக் கூட்டிட்டுப் போறது?"

எனக்கு அழுகை வந்தது. அழுகையாக விட்டால் தோற்றுவிடுவேன் என்று கத்தினேன். "நீங்க செத்துட்டா அவ எந்தச் சறுக்குல போயிச் சிரிப்பா? சொல்லுங்க! ஒரு நாளு சிரிச்சுட்டு மிச்ச வருசம் பூரா நானும் அவளும் அழுகணுமா?"

சிவரஞ்சனி உள்ளே போய் அறைக் கதவைப் படாரென்று சாத்தினாள். நாங்கள் இருவரும் முற்றத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். ஆடு மட்டும் ஏதோ மென்றுகொண்டிருந்தது.

அவர்தான் கேட்டார், "ஜீப்புல இன்னும் அந்தப் பலகை கெடக்கா?"

"கெடக்கு. நாலு பேரு அதுலதான் உக்கார்றாக."

"நாந்தான் போட்டேன்," என்றார். "பதினாலு பேரு போற வண்டி. கோட்டைச்சாமி அண்ணே இன்னும் நாலு பேர ஏத்த வழி பாருன்னாரு. நாந்தான் தேக்குப் பலகை அறுத்து ரெண்டு சீட்டுக்கும் நடுவுல குறுக்க வச்சேன். அன்னிக்கு எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாரு."

சோற்றுத் தட்டை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பொங்கலை நான் ஆட்டோடு கொண்டாடினேன். பொங்கல் அன்றைக்கே ரிசல்ட் வந்தது. எனக்கு இல்லை. அதே நாளில் டெஸ்ட் எடுத்திருந்த வீரலட்சுமிக்கு இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வரை நான் கொட்டகையை விட்டு நகரவில்லை. மூன்று வேளையும் தட்டு முற்றத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. சர்க்கரைப் பொங்கலில் முந்திரியைத் தாராளமாகப் போட்டிருந்தார். பேச்சு மட்டும் கிடையாது. மகளும் அப்படித்தான். ஜன்னலில் நின்று என்னைப் பார்ப்பாள், நான் பார்த்தால் மறைந்துவிடுவாள்.

ஐந்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தால் கோபம் ஆறிப்போகும் என்பார்கள். எனக்கு முற்றியது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, பால் சொசைட்டி முன்னால் ஜீப்பு நின்றது. வீரலட்சுமி இடத்தில் புதுசாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். பலகையில் மூன்று பேர் உட்கார்ந்து எனக்கு ஒரு சாண் இடம் விட்டிருந்தார்கள். தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

நான் ஏறவில்லை.

"என்ன மகாராணி, வெரசா ஏறு. காய் பழுத்து வெடிக்குது, மொதலாளி நேத்துலருந்து போன் மேல போனு," என்றார் கோட்டைச்சாமி. "பார்க்குக்குப் போறியா இல்லையா? அத மொதல்ல சொல்லு."

"போகலண்ணே. தள்ளிவச்சுட்டோம்."

"நல்லபுள்ள. சொன்னாக் கேட்டுக்கணும்."

"நீங்க சொன்னதுக்காக இல்ல. ஆனா நீங்க சொன்ன ஞாயம் சரியான ஞாயம். கூட்டத்துக்குள்ள போனா நோய் வரும், வந்தா ஊருக்கெல்லாம் பரவும். அதனால இந்த ஜீப்பையும் தள்ளிவச்சுட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. "வேலைக்கு வரலையா?"

"வர்றேன். இதுல வரல. வீரலட்சுமிக்கு நோயின்னு உறுதியாயிருச்சு. அவ போன வாரம் பூரா இதுலதான் வந்தா. அத உங்ககிட்ட நான் சொன்னேன், நீங்க வெளிய சொல்லாதன்னீங்க. இவுக யாருக்காச்சும் சொன்னீங்களா?"

உள்ளே சலசலப்பு எழுந்தது. "வீரலட்சுமிக்கா?" "ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாரு?" புது அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து தலையைத் தார்ப்பாயில் இடித்துக்கொண்டாள்.

கோட்டைச்சாமி வண்டியை விட்டு இறங்கினார். "ஒத்தப் பொம்பளைக்காக மொத்த சோலியையும் நிறுத்தச் சொல்றியா?"

"ஒத்தப் பொம்பளைக்காக இல்ல. எம் புருசனுக்காக. பதினாலு வருசம் உங்க வண்டிய ஓட்டுனவருக்காக. ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் பாக்க வந்தீங்கள்ல, அவரு இப்ப ஒரு கொடம் தண்ணி தூக்க ரெண்டு எடத்துல நின்னு வர்றாரு. இன்னொரு தடவ அவருக்கு வந்தா எனக்கு ஆளு கெடையாது. வீட்டுக்கு நோய் வந்தா பார்க்குலருந்து வராதுண்ணே, இந்தத் தார்ப்பாய்க்குள்ளருந்துதான் வரும்."

சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனேன். பலகையில் இருந்தவர்களைப் பார்த்து, "எந்திரிங்கடி," என்றேன். இரண்டு பேர் எழுந்தார்கள். மூன்றாமவள், என் வீட்டில் தண்ணி வரலையோ என்று கேலி பேசினவள், கோட்டைச்சாமியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவளும் எழுந்தாள். பலகையை இழுத்துத் தெருவில் போட்டேன். கனமாகத்தான் இருந்தது. பெரிய சத்தத்தோடு விழுந்தது.

"ஒன்பது பேரு ஒரு நடை. மிச்சம் ஒன்பது பேரு அடுத்த நடை. தார்ப்பாயச் சுருட்டிக் கட்டணும், குளிருக்குப் போர்வையக் கொண்டாந்துக்குவோம். காய்ச்சல்காரி வீட்டுல இருக்கட்டும். அவ நிரை அவளுக்கே இருக்கட்டும், வர்ற வரைக்கும் நாங்க சேந்து எடுத்து அவ பேருலயே போடுறோம்."

"ரெண்டு நடையா? டீசலு உங்கப்பனா ஊத்துவான்? நீ வராட்டி போ. லிங்கு, வண்டிய எடு!"

லிங்கேஸ்வரன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றுபோனது. தவறுதலாக அணைத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க," என்றான். "தவசி அண்ணன் உக்காந்த சீட்டுலதான் நானும் உக்காந்திருக்கேன். என் வீட்டுல அவ ஏழு மாசம். அக்கா சொல்ற மாதிரின்னா எத்தன நடைன்னாலும் ஓட்டுறேன். இப்படின்னா என்னால ஆகாது."

கோட்டைச்சாமி அவனை முறைத்தார். பிறகு ஜீப்பைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்காகத்தான் இறங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். வீரலட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் அத்தனை பேரும். பயத்தில் இறங்கினார்கள். எப்படியோ, பால் சொசைட்டி முன்னால் பதினேழு பேர் ஆளுக்கொரு கை தள்ளி நின்றோம். கோட்டைச்சாமியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், மொதலாளி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"இந்தச் சுத்துக்கு மட்டும்," என்றார் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல்.

"அடுத்த சுத்து வரும்போது பேசிக்குவோம்ணே," என்றேன்.

முதல் நடையில் என்னை ஏற்றவில்லை. வேண்டுமென்றேதான். அடுத்த நடைக்கு இரண்டரை மணி நேரம் குளிரில் நின்றேன். எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஜீப்பு திரும்பி வந்ததும் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்தேன். பதினைந்து வருஷத்தில் அந்த ஜீப்பில் நான் காலை நீட்டினது அன்றைக்குத்தான். மலையேறும்போது காற்று முகத்தில் அறைந்தது. மூக்கு ஒழுகியது. ஒருத்தியும் தார்ப்பாயை இறக்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் முதல் நடையிலேயே இறங்கினேன். லிங்கேஸ்வரன் பார்த்துச் செய்த ஏற்பாடு. கொட்டகை ஓரத்தில் வெந்நீர் தயாராக இருந்தது. குளித்து, துணியை நனைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போகும்போது மணி ஐந்தே முக்கால். தவசி நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்திருந்தார். சிவரஞ்சனி பக்கத்தில் நின்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். காலையில் நடந்தது ஊர் முழுக்கப் பரவி வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று அவரைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஆறு மணிக்குள்ள மாத்தணும்ல," என்றார். "நானே பாத்துட்டேன்."

"எந்தத் தேதி?"

"அடுத்த வருசம் ஜனவரி பதினாறு."

"ஒரு வருசம்மா!" என்று சிவரஞ்சனி குதித்தாள். ஆறு நாளைக்குப் பிறகு என்னோடு அவள் பேசின முதல் வார்த்தை அதுதான். "மே மாசமே தேதி இருக்கு. எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாரு. பிடிவாதம்மா!"

எனக்கும் புரியவில்லை. இப்பவே போக வேண்டும் என்று முற்றத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்ட மனுஷன் இவர். "சித்திரையில நோய் கொறஞ்சிரும்னு சொல்றாங்கள்லங்க. அப்பப் போட்டா என்ன?"

"சித்திரைன்னாச் சித்திரை வரைக்கும் உசுரோட இருந்தாப் போதும்னு ஆயிரும்," என்றார். நிறுத்தி மூச்சு வாங்கினார். அவசரப்படவில்லை. "அதுல ஒரு வருசத்துக்கு மேல போட விட மாட்டேங்குறான். கடேசித் தேதி அதுதான். விட்டா இன்னும் தள்ளிப் போட்டிருப்பேன். நீ ஜீப்பப் பாத்துக்க. நா இருந்து காட்டுறேன்."

மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு போனை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினாள். அந்தத் தேதி திரையில் இருந்தது, அதற்குக் கீழே உறுதி செய்யவும் என்று ஒரு பச்சைக் கட்டம். எனக்குக் கண் மறைத்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நானே அமுக்கினேன்.